ஆட்டக்காரரைக் கட்டி வைத்த கடதாசி

படிப்பு வட்டத்துக்கான பாடம்: இங்கிலாந்து உதைபந்தாட்டக்காரரின் தொழிற்சங்கக் கதை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நம்ம பொடியன்மார் பந்து விளையாடி முடித்து வாசிகசாலைத் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பேச்சு இங்கிலாந்து மேட்ச் பக்கம் போனது. அப்போது ஒரு தம்பி கேட்டான்: "ஐயா, அங்க பந்து வெளையாடுறவனுக்கும் தொழிற்சங்கம் இருக்காமே? ஒரு கெழமைக்கு கோடிக்கணக்குல வாங்குறவனுக்கு எதுக்கு ஐயா சங்கம்?" பக்கத்தில் இருந்தவன், "அவனுக்கு ஒண்ணு வேணும்னா நமக்கு பத்து வேணும்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. இன்றைக்குக் கோடி வாங்குகிறவனின் பாட்டன் காலத்து ஆட்டக்காரன் என்ன வாங்கினான்? அவனை யார் கட்டி வைத்திருந்தார்கள்? அந்தக் கட்டை யார் அவிழ்த்தார்கள்? இந்த மாதப் பாடம் இதுதான். யாரையும் தூண்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. தொழில் செய்து பிழைக்கிற எவரும் தெரிந்திருக்க வேண்டிய கதை என்பதால் எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. விளையாட்டு தொழிலான விதம்

இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டு உண்டானது. அதை ஆரம்பித்தவர்கள் வசதியான குடும்பத்து ஆட்கள். பணத்துக்காக விளையாடுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வடக்கு இங்கிலாந்தின் பஞ்சாலைத் தொழிலாளியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும் இந்த ஆட்டத்துக்குள் வந்த பிறகு நிலைமை மாறியது. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு விளையாடப் போனால் அன்றைய கூலி போய்விடும். கூலி இல்லாமல் எப்படி விளையாடுவது? முதலில் ஒளித்து மறைத்துப் பணம் கொடுத்தார்கள். கடைசியில் 1885ஆம் ஆண்டு, சம்பளத்துக்கு விளையாடலாம் என்று உதைபந்தாட்டச் சங்கமே ஒத்துக்கொண்டது. 1888ஆம் ஆண்டு 12 கழகங்கள் சேர்ந்து உதைபந்தாட்ட லீக்கை ஆரம்பித்தன.

அன்றிலிருந்து கழகம் முதலாளி, ஆட்டக்காரன் தொழிலாளி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தும் மைதானமும் சனக்கூட்டமும் இருந்தாலும், அடிப்படையில் இது வேலை கொடுப்பவனுக்கும் வேலை செய்பவனுக்கும் உள்ள உறவுதான்.

2. இரண்டு பூட்டுகள்

முதலாளிமார் ஆட்டக்காரனுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள்.

முதலாவது பூட்டு, பதிவுக் கடதாசி. லீக்கில் விளையாட வேண்டும் என்றால் ஆட்டக்காரனின் பெயர் ஒரு கழகத்தின் பெயரில் பதியப்பட வேண்டும். 1893ஆம் ஆண்டில் இருந்து சட்டம் இப்படி: ஒரு கழகத்தில் பதிந்தவன், அந்தக் கழகம் விட்டுக்கொடுத்தால்தான் வேறு கழகத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் ஒரு வருசத்துக்குத்தான். ஆனால் வருசம் முடிந்தாலும் ஆள் விடுதலை இல்லை! பருவம் முடிகிற நேரத்தில் கழகம் ஒரு பட்டியல் போடும். வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களின் பெயர் ஒரு பக்கம், விற்க நினைக்கிறவர்களின் பெயர் மறுபக்கம். வைத்துக்கொள்ளும் பட்டியலில் இருக்கிறவன் மறுபடி கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளம் இல்லை, வேறு லீக் கழகத்தில் விளையாடவும் முடியாது. விற்கிற பட்டியலில் இருக்கிறவனுக்குக் கழகம் ஒரு விலை வைக்கும். அந்த விலையைக் கொடுக்க யாரும் வராவிட்டால் அவனும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது பூட்டு, உச்சச் சம்பளம். 1901ஆம் ஆண்டில் இருந்து கிழமைக்கு 4 பவுணுக்கு மேல் எந்த ஆட்டக்காரனுக்கும் கொடுக்கக் கூடாது என்று விதித்தார்கள். அந்தக் காலத்தில் சாதாரணத் தொழிலாளியின் கூலியை விட இது கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிற சம்பளக் கட்டளை, இதற்குக் கீழே கொடுக்காதே என்று முதலாளிக்குச் சொல்லும். இது இதற்கு மேலே கேட்காதே என்று தொழிலாளிக்குச் சொன்னது. ஒன்று தரை, மற்றது கூரை. இந்த வித்தியாசத்தைப் படிப்பு வட்டத்தில் எல்லாருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

முதல் பூட்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு நம்ம பூட்டன்மார் காலத்து "துண்டு" ஞாபகம் வந்தது. ஒரு தோட்டத்துத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் துரை கொடுக்கும் துண்டு வேண்டும். அவனுடைய கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற தோட்டம்தான் ஆளை எடுக்கலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. பூட்டன்மார் பட்ட கஷ்டமும் ஆட்டக்காரர் பட்ட கஷ்டமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பசியும் காய்ச்சலும் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஆள் போக வேண்டும் என்றால் ஆளுக்கு உரிய கடதாசி மற்றவன் கையில் இருக்கிறது என்ற தந்திரம் ஒன்றேதான்.

3. சுரங்கத்தில் இருந்து வந்த பில்லி மெரடித்

வேல்ஸ் நாட்டில் சேர்க் என்ற சுரங்கக் கிராமம். அங்கே 1874ஆம் ஆண்டு பிறந்தவர் பில்லி மெரடித். 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, வண்டி இழுக்கிற குதிரைக் குட்டிகளை ஓட்டியவர். பிறகு மன்செஸ்டர் நகரத்துக்கு வந்து அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஆனார். ஏறத்தாழ 50 வயது வரைக்கும் விளையாடினார் என்றால் பாருங்கள்.

1907ஆம் ஆண்டு மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தில் அவரோடு இருந்த தோமஸ் பிளாக்ஸ்டொக் என்ற ஆட்டக்காரர் இரண்டாம் அணி மேட்ச் ஒன்றில் பந்தைத் தலையால் முட்டிய பின் மயங்கி விழுந்து இறந்து போனார். இயற்கை மரணம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். குடும்பத்துக்கு நட்டஈடு இல்லை. விளையாடும்போது கால் முறிந்தவனுக்கும் இதே கதிதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வேலையில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈட்டுச் சட்டம் இருந்தது. உதைபந்தாட்டக்காரனும் தொழிலாளிதானே, அவனுக்கும் அது உரியதுதானே என்று கேட்க ஆள் வேண்டும் அல்லவா?

1907 டிசம்பர் 2ஆம் திகதி மன்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் மெரடித்தும் தோழர்களும் கூடி ஆட்டக்காரர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1898இல் இதற்கு முன் ஒரு சங்கம் தொடங்கி, சில வருசத்தில் கலைந்து போயிருந்தது. இது இரண்டாவது முயற்சி.

முதலில் உதைபந்தாட்டச் சங்கம் சும்மா இருந்தது. ஆட்டக்காரர் சங்கம் நட்டஈட்டுக்காக நீதிமன்றம் போகவும், மற்றத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்தோடு சேரவும் எடுத்த உடனே கோபம் வந்துவிட்டது. 1909ஆம் ஆண்டு கட்டளை பிறந்தது: ஜூலை 1ஆம் திகதிக்கு முன் எல்லா ஆட்டக்காரரும் சங்கத்தை விட்டு விலகிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவனின் பதிவு இரத்து. அதாவது, பிழைப்பு இரத்து.

நாடு முழுவதும் ஆட்டக்காரர்கள் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மன்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர்கள் போட மறுத்தார்கள். அந்த வருசம் இங்கிலாந்தின் பெரிய கிண்ணத்தை வென்ற அணி அது! வென்றவர்களுக்குச் சம்பளம் நின்றது, மைதானக் கதவு மூடியது. வேறு இடத்தில் தாங்களே பயிற்சி செய்தார்கள். எவர்ட்டன் கழகத்து டிம் கோல்மன் என்ற ஒருவரும் வந்து சேர்ந்துகொண்டார். ஒரு நாள் படம் எடுக்க ஆள் வந்தபோது, தலைவர் சார்லி ரொபர்ட்ஸ் ஒரு பலகையில் "ஒதுக்கப்பட்டவர் கழகம்" என்று எழுதி முன்னால் வைத்தார். அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது.

புதுப் பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, 1909 ஆகஸ்ட் 31ஆம் திகதி, உதைபந்தாட்டச் சங்கம் இறங்கி வந்தது. ஆட்டக்காரர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் மற்றத் தொழிற்சங்கங்களோடு சேரும் எண்ணத்தை ஆட்டக்காரர்கள் கைவிட வேண்டியதாயிற்று. உச்சச் சம்பளமும் பதிவுக் கடதாசியும் அப்படியே இருந்தன.

இது வெற்றியா, தோல்வியா? உங்கள் வட்டத்தில் பேசிப் பாருங்கள். என் அபிப்பிராயம் இது: கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் கேட்கிற வாய் அடைபடாமல் தப்பியது.

4. தோற்ற வழக்கு

1912ஆம் ஆண்டு ஹேர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் அஸ்டன் வில்லா கழகத்தின் மேல் வழக்குப் போட்டது. விலை கொடுத்தால்தான் ஆளை விடுவோம் என்று கழகம் பிடித்து வைத்ததால் அவருடைய பிழைப்பே கெட்டுப் போனது என்பது முறைப்பாடு. நல்ல வழக்குத்தான். ஆனால் வாதம் பிசகிவிட்டது. கழகம் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்தது என்று காட்டப் பார்த்தார்கள். பதிவு முறையே நியாயமா என்ற அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டார்கள். நீதிபதி வழக்கைத் தள்ளினார். செலவு தாங்காமல் சங்கம் முறிந்து போகிற நிலைக்கு வந்தது.

அதற்குப் பிறகு 50 வருசம் அந்தக் கடதாசியை யாரும் அசைக்கவில்லை. உச்சச் சம்பளம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கியது. 1920இல் 9 பவுண். 1922இல் அதையும் 8 பவுணாகக் குறைத்தார்கள். 1947இல் 12 பவுண். 1958இல் 20 பவுண், மேட்ச் இல்லாத கோடை காலத்தில் 17 பவுண்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, 1948–49 பருவத்தில் மட்டும் லீக் மேட்ச் பார்க்க 4 கோடி 10 இலட்சத்துக்கும் மேலான சனம் ரிக்கட் எடுத்து வந்தது. மைதானம் நிறைகிறது, பெட்டி நிறைகிறது. 1960ஆம் ஆண்டளவில் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி ஏறத்தாழ 15 பவுண். நாடே போற்றும் ஆட்டக்காரனுக்கு ஆகக் கூடியது 20 பவுண். அதுவும் 35 வயதோடு முடிகிற தொழில்.

5. 1961: கூரை உடைந்தது

1957ஆம் ஆண்டு ஜிம்மி ஹில் என்பவர் சங்கத் தலைவர் ஆனார். ஃபுல்ஹம் கழகத்து ஆட்டக்காரர், நன்றாகப் பேசுவார். செயலாளர் கிளிஃப் லொயிட், அமைதியான ஆள், விதிகளைக் கரைத்துக் குடித்தவர். பேசுகிற ஒருவர், கோவையைப் பார்க்கிற ஒருவர். சங்கத்துக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு. உச்சச் சம்பளத்தை எடு. ஒப்பந்தம் முடிந்த ஆளைப் பிடித்து வைக்காதே. லீக் நிர்வாகம் இழுத்தடித்தது. பேச்சுவார்த்தை முறிந்தது. நாட்டின் பல பகுதிகளில் ஆட்டக்காரர் கூட்டம் கூடியது. வேலைநிறுத்தம் செய்வதா, இல்லையா?

மன்செஸ்டர் கூட்டத்தில் நடந்ததாகப் பலரும் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. சிறிய கழகத்து இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழும்பி, "என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார், எனக்குக் கிடைப்பது அவருக்குக் கிடைப்பதை விடக் கூட, நாம் எதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்?" என்ற கருத்தில் பேசினார். சபை மௌனமாகிவிட்டது. மனச்சாட்சியைத் தொட்ட பேச்சு அல்லவா? அப்போது போல்ட்டன் கழகத்து டொமி பாங்க்ஸ் எழும்பினார். அவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். உன் அப்பாவின் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்க 30,000 பேர் காசு கொடுத்து வருவதில்லை, நாம் ஸ்டான்லி மெத்தியூஸைத் தடுக்கப் பார்ப்பதைப் பார்க்கத்தான் அத்தனை சனம் வருகிறது, அந்தக் காசு எங்கே போகிறது என்ற கருத்தில் பதில் சொன்னார். மெத்தியூஸும் அங்கே இருந்தார். அப்போது அவருக்கு 45 வயது, இங்கிலாந்தின் மிகப் பெரிய பெயர். சபை வேலைநிறுத்தத்தின் பக்கம் சாய்ந்தது.

அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. நம்ம வாசிகசாலைத் தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். டொமி பாங்க்ஸ் சொன்ன பதிலின் சாரத்தைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரனின் கூலியை வைத்து உன் கூலியை அளக்காதே. உன் உழைப்பால் வருகிற வரவை வைத்து அள.

1961 ஜனவரி 21ஆம் திகதி சனிக்கிழமை வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தாயிற்று. பெரிய நட்சத்திரமும் சின்னக் கழகத்துப் பெயர் தெரியாத ஆட்டக்காரனும் ஒரே பக்கம் நின்றார்கள். மூன்று நாள் இருக்கும்போது, ஜனவரி 18ஆம் திகதி, தொழில் அமைச்சில் பேசி இணக்கம் கண்டார்கள். உச்சச் சம்பளம் ஒழிந்தது. சில மாதத்தில் ஃபுல்ஹம் கழகத்து ஜொனி ஹேன்ஸ் கிழமைக்கு 100 பவுண் வாங்கினார். எல்லாருக்கும் இப்படி ஏறியது என்று நினைக்காதீர்கள். சின்னக் கழகங்களில் கொஞ்சம்தான் ஏறியது. சில கழகங்கள் ஆட்களையும் குறைத்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விசயமும் நடந்தது. பிடித்து வைக்கும் விதியைத் தளர்த்துவதாகவும் அந்த இணக்கத்தில் பேச்சு இருந்தது. வேலைநிறுத்த ஆபத்துப் போன பிறகு கழகங்கள் அந்தப் பகுதியில் இருந்து பின்வாங்கிவிட்டன. காசை விட்டுக்கொடுத்தார்கள், கடதாசியை விடவில்லை! எது முக்கியம் என்று முதலாளிமாருக்குத் தெரிந்திருந்தது.

6. தனக்குத் தேவையில்லாத வழக்கை நடத்திய ஜோர்ஜ் ஈஸ்தம்

ஜோர்ஜ் ஈஸ்தம் நியூகாசில் யுனைட்டெட் கழகத்து ஆட்டக்காரர். கழகம் கொடுத்த வீடு இருக்கத் தகுந்த வீடு இல்லை என்பது அவருடைய முறைப்பாடு. பக்கத்தில் செய்யக்கூடிய வேலை பற்றியும் கழகத்தோடு மனக்கசப்பு. 1960ஆம் ஆண்டு நடுவில் ஒப்பந்தம் முடிந்தது. வேறு கழகத்துக்குப் போக விடுங்கள் என்று கேட்டார். கழகம் மறுத்து, வைத்துக்கொள்ளும் பட்டியலில் அவர் பெயரைப் போட்டது.

ஈஸ்தம் என்ன செய்தார் தெரியுமா? கையெழுத்துப் போடவில்லை. இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் போய், தெரிந்த வியாபாரி ஒருவரிடம் தக்கை விற்கிற வேலைக்குச் சேர்ந்தார். பந்து விளையாடப் பிறந்த ஆள், 23 வயதில், தக்கை விற்றார்! பல மாதம் அப்படியே இருந்தார். 1960 கடைசியில் நியூகாசில் இறங்கி வந்து 47,500 பவுணுக்கு அவரை ஆர்சனல் கழகத்துக்குக் கொடுத்தது.

இப்போது அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் "நம்ம பாடு தீர்ந்துச்சு" என்று போயிருப்பார். சங்கம் அவரிடம், வழக்கைத் தொடருவோம், மற்றவர்களுக்கு இது வேண்டும் என்று சொன்னது. செலவுக்கு 15,000 பவுண் சங்கம் பொறுப்பேற்றது. அந்த 15,000 பவுண் எங்கிருந்து வந்தது? ஆட்டக்காரர்களின் சந்தாவில் இருந்து. ஈஸ்தம் சம்மதித்தார்.

1963ஆம் ஆண்டு லண்டனில் வழக்கு நடந்தது. இந்த முறை 1912இல் விட்ட பிழையை விடவில்லை. கழகத்தின் மனது நல்லதா கெட்டதா என்று கேட்காமல், இந்த முறையே சட்டப்படி சரியா என்று கேட்டார்கள். நீதிபதியின் பெயர் வில்பர்போர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்ஸின் வழித்தோன்றல். 1963 ஜூலை 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்த ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, விலையும் கேட்கும் இந்த முறை, மனிதன் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை.

இழந்த சம்பளம் ஈஸ்தமுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வருசம் விதி மாறியது. ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் முந்திய ஒப்பந்தத்துக்குக் குறையாத சம்பளமும் காலமும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆள் விலையில்லாமல் போகலாம். பிணக்கு வந்தால் விசாரிக்க நடுநிலையான சபை. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியில் ஈஸ்தமும் இருந்தார், மேட்ச் விளையாட வாய்ப்பு வரவில்லை. 2024ஆம் ஆண்டு 88 வயதில் காலமானார். அவர் திறந்த கதவால் நுழைந்து போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

7. பெல்ஜியத்துப் பொஸ்மன்

கதை அத்தோடு முடியவில்லை. பெல்ஜியம் நாட்டில் லியேஜ் கழகத்தில் விளையாடிய ஜோன் மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990ஆம் ஆண்டு முடிந்தது. மாதம் 120,000 பிராங்க் வாங்கியவருக்கு, புது ஒப்பந்தத்தில் 30,000 பிராங்க் தருகிறோம் என்றது கழகம். நாலில் ஒரு பங்கு! அவர் மறுத்து, பிரான்ஸ் நாட்டுக் கழகம் ஒன்றுக்குப் போகப் பார்த்தார். பழைய கழகம் கடதாசியை அனுப்பவில்லை. வேலை போனது. ஐந்து வருசம் வழக்காடினார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலையில்லாமல் வேறு நாட்டுக் கழகத்துக்குப் போகலாம் என்று தீர்த்தது.

இன்றைக்குத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கிற ஆட்டக்காரர் பெரிய சம்பளம் கேட்கிறார் என்றால், தொலைக்காட்சிக் காசோடு இந்தத் தீர்ப்பும் அதற்குக் காரணம். பொஸ்மனுக்கு என்ன கிடைத்தது? அவருடைய நல்ல வயது வழக்கில் போயிற்று. பிற்காலத்தில் கஷ்டப்பட்டார். நட்டவன் ஒருவன், பறித்தவன் வேறொருவன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆட்டக்காரர் சங்கம் மறுபடி வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுத்தது. வாக்களித்தவர்களில் 99 வீதமானோர் சரி என்றார்கள். அப்போது பெரிய ஆட்டக்காரர்கள் கோடி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் தங்களுக்குக் கேட்கவில்லை. தொலைக்காட்சி வருமானத்தில் சங்கத்துக்கு வர வேண்டிய பங்கைக் கேட்டார்கள். காயப்பட்டவர், ஓய்வு பெற்றவர், வேலை இல்லாமல் போனவர், படிக்க நினைக்கிற இளம் ஆட்டக்காரர் எல்லாருக்கும் அந்தக் காசில்தான் உதவி. வேலைநிறுத்தம் இல்லாமலே இணக்கம் வந்தது. கோடி வாங்குகிறவனுக்கு எதுக்குச் சங்கம் என்று கேட்ட தம்பிக்கு இதுதான் நேரான பதில்: கோடி வாங்காத மற்றவனுக்காக.

8. நமக்கு உள்ள பாடம்

நம்ம பகுதியில் இருந்து கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! இரண்டு வருசத்துக்கு முன் கீக்கணக்கில் இருந்து ஒரு பொடியன் என்னிடம் வந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. "பத்திரமா வச்சிருக்கேன்" என்று முதலாளி அவனுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தபோது அட்டையும் வரவில்லை, இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. "சம்பளம் போனாப் போகுது ஐயா, அட்டை இல்லாம எங்கேயும் போக முடியல" என்று அழுதான். கடிதம் எழுதி, தொழில் காரியாலயத்துக்கு அலைந்து, ஆறு கிழமைக்குப் பிறகுதான் அட்டை கைக்கு வந்தது. ஈஸ்தம் கதையை வாசித்தபோது அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

ஆகவே மனதில் வையுங்கள்:

அ) சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். விலகிப் போக நினைத்தால் என்ன விதி என்றும் கேளுங்கள்.

ஆ) விளங்காத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

இ) அடையாள அட்டை, கடவுச்சீட்டு உங்களுடையது. காட்டலாம், பிரதி கொடுக்கலாம். அசலை ஒப்படைக்காதீர்கள்.

ஈ) பேசி முடித்த இணக்கத்தில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 1961இல் கடதாசி விசயம் எப்படி நழுவியது என்பதை மறக்க வேண்டாம்.

உ) ஒரு முறை தோற்றால் ஏன் தோற்றோம் என்று எழுதி வையுங்கள். 1912இல் தோற்ற காரணம் தெரிந்ததால்தான் 1963இல் வெல்ல முடிந்தது.

9. கலந்துரையாடலுக்கான கேள்விகள்

1. உச்சச் சம்பளம், குறைந்த சம்பளம்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன?

2. 1909இல் பயந்து கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

3. மன்செஸ்டர் கூட்டத்தில் எழும்பிய இளைஞருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

4. தன் பிரச்சினை தீர்ந்த பிறகும் ஈஸ்தம் வழக்கைத் தொடர்ந்தார். நம்ம மத்தியில் அப்படி நடந்த ஒருவரை உங்களுக்குத் தெரியுமா?

5. உங்கள் வீட்டில் யாருடைய கடதாசியாவது வேறு ஒருவர் கையில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு காலமாக?

கடைசிக் கேள்வியைச் சும்மா விட்டுவிட வேண்டாம். வீட்டில் போய் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.